படகுத் துறையும் பொது மரியாதையும்

திண்டிவனத்துக் கடைவீதியிலும் விழுப்புரம் ரயில் சந்திப்பிலும் நமது பத்திரிகையைக் கையில் எடுக்கும் நேயர்களுக்கு இந்தத் தலைப்பு விநோதமாய்த் தோன்றக்கூடும். நெல்லும் மணிலாக் கொட்டையும் மூட்டை மூட்டையாய் விலைபோகும் ஊர்களிலே படகுத் துறையைப் பற்றிப் பிரஸ்தாபிப்பானேன்? தேசத்தில் விசாரிக்க வேண்டிய பெரிய விஷயங்கள் எத்தனையோ இருக்க, படகு இறக்கும் இடத்தில் யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதையா ஒரு தினசரியின் தலையங்கப் பத்தி ஆராய வேண்டும்? இக்கேள்விகள் நியாயமானவையே. ஆயினும் ஒரு ஜன சமூகத்தின் யோக்கியதை, மேடையில் அது பேசுகிற பேச்சினால் அறியப்படுவதைக் காட்டிலும், பலரும் ஒரே காலத்தில் வந்து சேர்ந்து ஒரே வழியாய் இறங்க வேண்டிய இடத்தில் அது நடந்துகொள்ளும் முறையினாலேயே அதிகமாய் அறியப்படும் என்பது நமது துணிபு. அப்படிப்பட்ட இடங்களில் படகுத் துறையைப் போன்ற பரீக்ஷை ஸ்தலம் வேறில்லை. அங்கே செய்யும் பிழைக்கு அபராதம் பணமன்று. சில சமயங்களில் உயிர்.

நமது ஜில்லா படகறியாத ஜில்லா என்று எண்ணுவதும் பிசகு. திண்டிவனத்தை அடுத்த கிடங்கில், பண்டை நாளில் ஓய்மானாட்டின் தலைநகராய் விளங்கியது. அந்நாட்டுக் கடற்றுறையான எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதுவர். சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன்னர் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிவைத்த கடல்வழிக் குறிப்பில் சோபட்மா என்று ஒரு துறை கூறப்படுகிறது. அதுவும் இதுவே என்பாருளர். அயலார் கப்பல்கள் வந்து தங்கிய கரையில், வந்தவனுக்கு இடங்கொடுக்கும் முறையும் போகிறவனுக்கு வழிவிடும் முறையும் இல்லாதிருந்திருக்க முடியுமா? வியாபாரம் என்பதே துறை மரியாதையின்மேல் எழும்பிய மாளிகையல்லவா?

பிற்காலத்திலும் இந்தத் தொடர்பு அற்றுப்போகவில்லை. 1806-ம் ஆண்டு சென்னைக்கு வடக்கே தோண்டத் தொடங்கிப் படிப்படியாய் நீண்ட கால்வாய், 1876 முதல் 1878 வரை நேர்ந்த கொடிய பஞ்சத்தின்போது பட்டினி கிடந்த ஜனங்களின் உழைப்பினால் இணைக்கப்பட்டு, அப்போதைய கவர்னரின் பெயரால் பக்கிங்ஹாம் கால்வாய் என்று வழங்கலாயிற்று. அதன் தென்கோடி நமது மரக்காணம். உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அங்கிருந்து சென்னைக்குச் சென்ற காலம் ஒன்றிருந்தது. 1965, 1966-ம் ஆண்டுகளின் புயல்களுக்குப் பின்னர் அக்கால்வாய் தூர்ந்து, படகுப் போக்குவரத்து மங்கி மறைந்தது. 2008-ல் இந்திய சர்க்கார் காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரையுள்ள கால்வாய்த் தொடரையும் நமது கழுவெளி ஏரியையும் 4-ம் தேசிய நீர்வழியில் சேர்த்தார்கள். காகிதத்தில் நீர்வழி உண்டு. கண்ணுக்குத் தெரிவது சேறும் ஆகாயத்தாமரையும். அது வேறு விவாதம். பின்னர் ஒரு நாள் பேசுவோம்.

இவை பழங்கதை என்று தள்ளுவோருக்கு அண்மைக் காலத்துக் கதை ஒன்று உண்டு. 2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. சாத்தனூர் அணை நிரம்பித் தென்பெண்ணையில் வெள்ளம் புரண்டபோது, அரசூருக்கு அருகே நெடுஞ்சாலையே ஆறாய் மாறிற்று. கடலைக் கண்ணால் பாராத கிராமங்களுக்கு மீட்புப் படையினர் படகோடு வந்தனர். அந்தப் பொழுதில் வீட்டுத் திண்ணையே படகுத் துறை, தெருமுனையே இறங்குதளம். ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும் என்ற பழமொழி வெறும் அலங்காரமன்று என்பதை நாம் அந்த நாட்களில் கண்டோம். அப்படி ஒரு படகு வந்து நிற்கும்போது முதலில் ஏற வேண்டியவர் யார், பின்தங்க வேண்டியவர் யார் என்பதை அந்த நிமிஷத்தில் உபதேசித்துக் கற்பிக்க முடியாது. முன்னமே பழகியிருக்க வேண்டும்.

இனி, இன்றைய கடற்கரையின் நிலையைப் பார்ப்போம். கோட்டக்குப்பத்திலிருந்து பொம்மையார்பாளையம், கூனிமேடு, எக்கியார்குப்பம் வழியாய் மரக்காணம் வரையுள்ள நமது கரையில் பெரும்பாலும் மணற்பரப்பே துறை. கல்லால் கட்டிய படியோ, சிமெண்டுச் சாய்தளமோ எல்லாக் குப்பங்களிலும் கிடையாது. விடியுமுன் இருட்டிலேயே மீனவர்கள் படகைத் தோள்கொடுத்துத் தள்ளி இறக்குகிறார்கள். அலைகள் ஒரே சீராய் வருவனவல்ல. சில பெரிய அலைகளுக்குப் பின் சிறிது ஓய்வு உண்டு. அந்த ஓய்வைக் கணித்து, ஒரே மூச்சில் படகை நீரில் செலுத்தி, என்ஜினை இறக்கி, அலை உடையும் வரம்பைக் கடந்துவிட வேண்டும். பத்து நொடி தாமதித்தால் அடுத்த அலை படகைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்துவிடும். திரும்பி வருகிறவனுக்கு அபாயம் இன்னும் அதிகம். பின்னாலிருந்து அலை உந்த, முன்னால் மணல் நெருங்க, அவன் தேடுவது தனக்கென்று ஒதுங்கிய ஒரு வழியே. அந்த வழியில் ஒரு மோட்டார் கார் நின்றால்? ஒரு விருந்தினர் கூட்டம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தால்? வேறொருவர் தமது படகை அங்கேயே கிடத்திவிட்டு வீடு போயிருந்தால்?

துறையின் இடமோ நாளுக்கு நாள் குறுகுகிறது. அதற்குக் காரணம் கடலின் கோபம் மட்டுமன்று. நமது கரையோரத்தில் மணல், ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டேயிருக்கும். 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லணைகள் நீட்டப்பட்டன. தெற்கேயிருந்து வந்த மணல் அங்கே தடைப்பட்டது. வடக்கேயுள்ள கரைக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. கடல் மட்டும் வழக்கம்போல் எடுத்துக்கொண்டேயிருந்தது. புதுச்சேரி நகரின் கரையும், அதற்கப்பால் நமது ஜில்லாவைச் சேர்ந்த தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் முதலிய ஊர்களின் கரையும் அரிக்கப்பட்டன. அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள் வீடுகளைக் காத்திருக்கலாம். ஆனால் கல் கிடக்கும் இடத்தில் படகை இழுத்து ஏற்ற முடியாது. ஓர் ஊரில் படகு வைக்க இடமில்லையென்றால், அடுத்த ஊர் மணலில் வைக்க நேரும். அங்கே நெருக்கம், நெருக்கத்தில் வாய்ச்சண்டை, வாய்ச்சண்டையின் முடிவில் போலீஸ் ஸ்டேஷன்.

மற்றொரு பக்கத்தில், 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதியின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் நமது கரைகளில் பைபர் படகுகள் பெருகின. நல்லெண்ணத்தோடு பல ஸ்தாபனங்கள் வழங்கிய படகுகள் அவை. கட்டுமரத்தை நான்கு பேர் பிரித்து எடுத்து மேட்டில் போட்டுவிடலாம். பைபர் படகுக்கோ இடம் அதிகம், இழுப்பதற்கு ஆள் அதிகம், சில இடங்களில் டிராக்டரும் வேண்டும். மேலும் கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தபின் சனி, ஞாயிறுகளில் நகரத்து ஜனங்கள் வண்டி வண்டியாய் வருகிறார்கள். உல்லாச விடுதிகள் கரையை நோக்கி முள்வேலி நீட்டுகின்றன. ஆகவே, கரை சுருங்கிற்று, படகு பெருத்தது, விருந்தாளியும் பெருகினான். இம்மூன்றும் கூடும் இடத்தில் மரியாதை என்பது அலங்காரப் பொருளன்று, அரிசி போன்ற அவசியப் பொருள்.

துறைகளில் நடக்கும் அவமரியாதைகளைப் பெயரிட்டுச் சொல்லாமல் பொதுவாய்ப் புலம்புவதில் பயனில்லை. முதலில் வெளியூரிலிருந்து வருவோரைச் சொல்லுவோம். படகு இறங்கும் சரிவிலே வாகனத்தை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் உலாவப் போகிறவர்கள் உண்டு. அந்தச் சரிவு அவர்களுக்குக் காலி மைதானமாய்த் தோன்றுகிறது. மீனவனுக்கோ அது அவனுடைய ஆபீஸ் வாசல். நமது கச்சேரி வாசலில் யாரேனும் மாட்டு வண்டியைக் குறுக்கே நிறுத்தினால் நாம் சும்மாயிருப்போமா? மதுபானம் அருந்திய பாட்டிலை மணலில் உடைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இருட்டில் வெறுங்காலோடு படகுக்குத் தோள்கொடுப்பவன் அந்தக் கண்ணாடித் துண்டின்மேல் கால் வைக்கிறான். காலில் பட்ட காயத்தோடு அவன் இழப்பது ஒரு வாரக் கூலி. காய வைத்த வலையின்மேல் செருப்புக் காலோடு நடப்பதும், அனுமதி கேளாமல் பிறர் படகில் ஏறி உட்காருவதும், மீன் விற்கும் பெண்களைக் கேளாமலே படம் பிடிப்பதும் இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றைச் செய்வோர் எழுத்தறியாதவர்கள் அல்லர். இங்கிலீஷ் படித்தவர்கள்; பட்டம் பெற்றவர்கள். படிப்பு என்னும் பெயரால் நாம் எதைக் கற்றோம் என்று வெட்கத்தோடு கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இனி மீனவர்கள் பக்கத்தையும் பட்சபாதமின்றிச் சொல்ல வேண்டும். முகஸ்துதி செய்வது தேச சேவையாகாது. வேலை முடிந்தபின் படகைத் துறை வாயிலிலேயே போட்டுவிட்டுப் போவது, பின்னால் வருகிறவனைக் கடலிலே காக்க வைப்பதாகும். என்ஜினைப் பழுது பார்ப்பதை ஒதுக்குப்புறத்தில் செய்யாமல் இறங்கும் வழியின் நடுவிலேயே செய்வதும், எண்ணெயை மணலில் ஊற்றுவதும், மீன் கழிவை அங்கேயே அழுகவிடுவதும் அண்டை வீட்டானுக்குச் செய்யும் தீங்கு. கடலில் கட்டுமரக்காரன் விரித்த வலையை என்ஜின் படகுக்காரன் அறுத்துக்கொண்டு போவது துறையில் தொடங்கும் அகம்பாவத்தின் தொடர்ச்சியே. பெரிய படகுக்குச் சிறிய படகு ஒதுங்க வேண்டும் என்பது மிருக நியாயம். ஒதுங்கும் சக்தி அதிகமுள்ளவன் ஒதுங்க வேண்டும் என்பதே மனுஷ நியாயம். வெளியூரார் சிலரின் குற்றத்துக்காக, யார் வந்தாலும் துரத்துவோம் என்பதும் சரியன்று. துறை, குப்பத்தாரின் ஜீவனமாகையால் முதல் உரிமை அவர்களுடையது. ஆயினும் முதல் உரிமை வேறு, முழு உரிமை வேறு.

உத்தியோகஸ்தர்களையும் விட்டுவிட இயலாது. ஜீப்பில் வரும் அதிகாரிக்காக இறங்கத் தயாராயிருக்கும் படகை நிறுத்திவைப்பது எந்தச் சட்டத்தில் இருக்கிறது? அலைக்கு அதிகாரியின் பதவி தெரியாது. அவ்விதமே அரசியல் கட்சித் தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. புயல் அடித்த மறுநாள் நிவாரணம் வழங்க வருகிறோம் என்று இருபது வண்டிகளோடு துறைக்குள் நுழைந்து, கொடி கட்டி, பந்தல் போட்டு, புகைப்படம் எடுத்துக்கொண்டு போவதனால், அன்றைய தினம் கடலுக்குப் போகக்கூடியவனும் போக முடியாமல் நின்றுவிடுகிறான். ஒரு பொட்டலம் அரிசி கொடுத்து ஒரு நாள் சம்பாத்தியத்தைத் தடுப்பது எந்த ரகத் தருமம்? இதை எந்த ஒரு கட்சியையும் நினைத்துச் சொல்லவில்லை. எல்லாக் கட்சியினரும் தத்தம் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

பயணிகளைப் படகிலேற்றும் துறைகளில் மரியாதைக் குறைவு நேராக மரணத்துக்கே வழிகாட்டுகிறது. 1924-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில் கேரளத்துப் பல்லனை ஆற்றில் ஒரு படகு கவிழ்ந்தது. கொள்ளளவுக்கு மேற்பட்ட ஜனங்கள் ஏறிய அந்தப் படகிலே மகாகவி குமாரன் ஆசான் உயிர் துறந்தார். மலையாள பாஷையின் ஒரு பொக்கிஷம், துறையில் இதற்குமேல் ஏறாதீர்கள் என்று சொல்லத் துணிந்தவர் இல்லாமையாலோ, சொன்னதைக் கேட்பவர் இல்லாமையாலோ நீருக்கு இரையாயிற்று. அந்தப் பாடத்தை நாம் கற்றோமா? 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடியில் உல்லாசப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். விலங்குகளைக் காணும் ஆவலில் பயணிகள் ஒரு பக்கமாய்ச் சாய்ந்ததும் ஒரு காரணம் என்றார்கள். 2011-ல் கிறிஸ்துமஸ் தினத்தன்று நமது தமிழ்நாட்டுப் பழவேற்காட்டில் உல்லாசமாய்ச் சென்ற ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். 2023 மே 7-ல் மலப்புறம் ஜில்லா தானூரில் மறுபடியும் அளவுக்கு மீறி ஏற்றிய ஒரு படகு. மறுபடியும் 22 பேர். ஸ்தலம் மாறுகிறது, வருஷம் மாறுகிறது. துறையில் நடந்த பேச்சு மட்டும் மாறவில்லை. இன்னும் இரண்டு பேர் ஏறலாம் என்கிறான் படகுக்காரன். நாங்கள் மட்டும் நிற்பதா என்கிறார்கள் பயணிகள். இந்த இரண்டு வாக்கியங்களின் நடுவே அமிழ்ந்து போனவர்கள் எத்தனை பேர்!

படகேறுமிடத்தில் நான்தான் முதல் என்று நெருக்குகிற குணம் எங்கிருந்து வருகிறது? நமது ஜனங்கள் அடிப்படையில் மரியாதையற்றவர்கள் என்று வெள்ளைக்காரர்கள் சொன்னதை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டோம். கலியாண வீட்டுப் பந்தியிலே விருந்தாளி உண்டபின் உண்ணும் ஜாதி நம்முடையது. ஆனால் நம் மரியாதை, உறவு தெரிந்த இடத்தில் பெருகி, உறவு தெரியாத இடத்தில் வற்றிப்போகிறது. மாமன், மச்சான், பெரியவர் என்று முறைசொல்லி அழைக்கக்கூடிய இடத்தில் நாம் உத்தமர்கள். முகந்தெரியாத பத்துப் பேர் நிற்கும் வரிசையிலே நாம் அந்நியர்கள். ஆறு கடக்கிற வரையில் அண்ணன் தம்பி, கடந்த பின் நீ யார் நான் யார் என்று நம் முன்னோர் பரிகசித்தார்கள். இன்றைய நிலையில் ஆறு கடப்பதற்கு முன்னேயே நீ யார் நான் யார் என்றாகிவிட்டது. பிரஜை என்ற உறவு ஒன்று புதிதாய் நமக்கு வந்திருக்கிறது. அந்த உறவுக்குரிய முறையை நாம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்பதே உண்மை.

இது வெறும் நாகரிக விஷயமன்று. சட்டமும் இதில் பேசியிருக்கிறது. 1860-ம் ஆண்டின் இந்தியன் பீனல் கோடிலேயே, அஜாக்கிரதையாய்ப் படகு செலுத்துவதும், பத்திரமில்லாத அல்லது அளவுக்கு மீறிப் பாரமேற்றிய படகில் கூலிக்கு ஆட்களைக் கொண்டுபோவதும், பொது வழியையோ நீர்வழியையோ அடைப்பதும் குற்றங்களென்று விதிக்கப்பட்டிருந்தன. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையில் இவை முறையே 282, 284, 285 பிரிவுகளாய்த் தொடர்கின்றன. வழியை அடைப்பதற்கு முன்னே 200 ரூபாயாயிருந்த அபராத உச்சம் இப்போது 5,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. கால்வாய்களையும் பொதுப் பரிசல் துறைகளையும் பற்றி 1890-லேயே சென்னை ராஜதானியில் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. உள்நாட்டு நீர்க்கலங்களுக்கு 2021-ல் புதுச்சட்டம் வந்திருக்கிறது. சட்டப் பஞ்சம் நம் தேசத்தில் என்றுமே இருந்ததில்லை. ஆனால் காலை நான்கு மணிக்குக் கூனிமேட்டுக் கரையில் எந்தக் கான்ஸ்டேபிள் 285-ம் பிரிவை வாசித்துக் காட்டப் போகிறார்? சட்டம் எட்டாத இடத்தைக் காக்கும் காவலாளிக்கே மரியாதை என்று பெயர். அந்தக் காவலாளி உறங்கினால்தான் போலீஸ்காரர் விழித்துக்கொண்டு தடியோடு வர நேரும்.

துறை பொதுவானது என்பதற்காக இத்தேசத்தில் பெரும்போராட்டமே நடந்திருக்கிறது என்பதை இளைஞர்கள் மறந்துவிடலாகாது. 1927 மார்ச் 20-ல் மகாத் நகரத்துச் சவதார் குளத்தில் டாக்டர் அம்பேத்கர் இறங்கித் தண்ணீரை அள்ளிப் பருகியது தாகத்தினாலன்று; பொதுத் துறை என்பது உண்மையிலேயே பொதுவா என்று கேட்பதற்கே. 1938-ல் சென்னை ராஜதானியில் நிறைவேறிய சமூக இடையூறுகளை நீக்கும் சட்டம், பொது நீர்நிலைகளிலும் பாதைகளிலும் ஒருவரை ஜாதி காரணமாய்த் தடுப்பதை விலக்கிற்று. நமது திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரிலிருந்து எழுந்து ராஜதானியின் பிரதம மந்திரியாய் அமர்ந்த ராமசாமி ரெட்டியாரின் ஆட்சியில், 1947-ல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சாசனத்தின் 15-வது ஷரத்து, கிணறு, குளம், ஸ்நானத் துறை, சாலை என்று ஒவ்வொன்றாய்ப் பெயரிட்டு எவரையும் தடுக்கலாகாது என்கிறது. தலைமை நீதிமன்றம் 1996 டிசம்பரில் கமல்நாத் வழக்கில், நதியும் கடற்கரையும் போன்ற இயற்கைச் செல்வங்களுக்குச் சர்க்கார் ஜனங்களின் சார்பில் தர்மகர்த்தாவேயன்றிச் சொந்தக்காரர் அல்லர் என்று தெளிவாய்த் தீர்ப்பளித்தது.

இப்படி எத்தனையோ பேர் பாடுபட்டுப் பெற்ற பொது உரிமையை, ஒரு மோட்டார் காரின் அகலத்தால் அடைத்துவிடுகிறவன் என்ன செய்கிறான் என்பதை யோசிக்க வேண்டும். ஜாதியின் பெயரால் வழியை அடைத்தவனும், பணத்தின் பெயரால் வேலி போட்டு அடைத்தவனும், அலட்சியத்தின் பெயரால் அடைத்தவனும், வழிகிடைக்காமல் நிற்பவனின் கண்ணுக்கு ஒரே உருவமாய்த்தான் தோன்றுவார்கள். பொது என்றால் யாருக்கும் சொந்தமில்லாதது, ஆகவே எனக்கு இஷ்டப்படி செய்யலாம் என்பது அடிமைக் காலத்து மனப்பான்மை. அன்று பொது இடம் என்பது அந்நியச் சர்க்காரின் இடம். இன்று அது நம் இடம். வீட்டு வாசலைப் பெருக்கிக் கோலமிடுகிறவள், அதே கையால் குப்பையைத் தெருவில் கொட்டுவதை நாம் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது?

நன்னடத்தைக்கு உதாரணம் தேடி மேல்நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. சோழமண்டலக் கரையிலுள்ள பட்டினவர் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்தார் காலங்காலமாய்த் தொழிலுக்குப் போகும் முறையையும் வலை போடும் முறையையும் நிர்ணயித்து வந்திருக்கிறார்கள். கடலுக்குப் போனவன் திரும்பவில்லையென்றால், பகையாளியும் தன் படகைத் தள்ளிக்கொண்டு தேடப் போவான். கரைக்கு வரும் படகைக் கண்டால் கரையில் நிற்பவன், அது யாருடையது என்று கேளாமலே கயிற்றைப் பிடித்து இழுப்பான். இது எந்தப் புஸ்தகத்தில் எழுதப்பட்ட விதி? 2018 ஆகஸ்டில் கேரளத்தை வெள்ளம் சூழ்ந்தபோது, மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குச் சென்றார்கள். மலப்புறம் ஜில்லாவிலே ஒரு மீனவர், படகில் ஏற எட்டாமல் தவித்த பெண்களுக்காக நீரில் குனிந்து தம் முதுகையே படியாக்கினார். அவர் கால்வைக்கச் சொன்னது தம் முதுகின்மேல். தலைவணங்க வேண்டியவர்கள் நாமெல்லாரும். படகுத் துறை மரியாதையைப் பற்றி ஆயிரம் பத்தி எழுதினாலும் அந்த ஒரு நிமிஷத்துக்கு ஈடாகாது.

இனிச் செய்யத்தக்கதென்ன? நமது யோசனைகள் பெருஞ்செலவு பிடிப்பவையல்ல. ஒவ்வொரு குப்பத்திலும் படகு இறங்கவும் ஏறவும் இரண்டு படககலமுள்ள ஒரு வழி, இரவும் பகலும் காலியாய் வைக்கப்பட வேண்டும். அதன் இரு பக்கமும் கம்பம் நட்டு வெள்ளை பூசிவிட்டால் இருட்டிலும் தெரியும். வாகனங்கள் நிறுத்தச் சாலையோரத்தில் தனியிடம் குறிக்கப்பட வேண்டும். கரைக்கு வரும் படகுக்கே முதல் வழி, இறங்கும் படகுக்கு அடுத்த வழி, வேடிக்கை பார்ப்பவர் கடைசி என்ற மூன்று வரிகளைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி நட வேண்டும். துடுப்பும் வலையும் தயார்செய்யும் வேலைகளை மேட்டிலேயே முடித்துக்கொண்டு, படகு தள்ளும் வேளையில் மட்டும் துறை வழிக்கு வருவது என்ற வழக்கத்தைக் குப்பத்துப் பஞ்சாயத்தாரே நிலைநாட்டலாம். முதலியார்குப்பத்துப் படகுக் குழாம் போன்ற இடங்களிலும், தனியார் படகு விடும் இடங்களிலும், ஏற்றக்கூடிய ஆட்களின் எண்ணிக்கையைப் படகின்மேலேயே எழுதி, உயிர்காக்கும் அங்கி அணியாதவரை ஏற்ற மறுக்க வேண்டும். அங்ஙனம் மறுக்கும் படகுக்காரரைப் பயணிகள் ஏசாமல் பாராட்ட வேண்டும். வருமானத்தை விட்டு உயிரைக் காப்பவனல்லவா அவன்?

கரை அரிப்பினால் இடமிழந்த குப்பங்களைப் பற்றி மரியாதை மட்டும் பேசிச் சர்க்காரைத் தப்பவிடவும் நாம் தயாரில்லை. நான்கு பேர் நிற்குமிடத்தில் நாற்பது பேரை நிறுத்திவிட்டு, ஒழுங்காய் நில்லுங்கள் என்று உபதேசிப்பது பரிகாசமாகும். கல் கொட்டுவதோடு கடமை முடிந்ததென்று எண்ணாமல், கல்வரிசைக்கு நடுவே படகேறச் சாய்தளங்கள் அமைக்க வேண்டும். தடைப்பட்ட மணலை வடக்கே சேர்ப்பதற்கான வழியைப் புதுச்சேரி நிர்வாகமும் தமிழ்நாடு சர்க்காரும் கூடி யோசிக்க வேண்டும். எல்லைக்கோடு ரெவினியூ படத்தில் இருக்கலாம். அலைக்கு எல்லைக்கோடு கிடையாது. மரியாதை ஜனங்களின் கடமை. மரியாதையாய் நடந்துகொள்ள இடங்கொடுப்பது சர்க்காரின் கடமை. ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தட்டிக்கழிக்க இருவரையும் விடலாகாது.

வக்கீல் தொழில் புரிந்தவராயிருந்தும் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள், நம்மவர் கப்பலில் நம்மவர் கௌரவமாய் ஏறி இறங்க வேண்டும் என்பதற்காகவே செல்வத்தையும் சுதந்திரத்தையும் இழந்தார். அவர் பெயரைச் சொல்லி மாலை போடும் நாம், ஒரு மீனவனின் படகுக்குப் பத்தடி வழிவிடத் தெரியாமலிருந்தால் அந்த மாலைக்கு என்ன மதிப்பு? சுயராஜ்யம் என்பது டில்லியில் ஒரு கட்டடமன்று. எவரும் கட்டளையிடாமலே நமக்கு நாமே ஒழுங்கு செய்துகொள்ளும் சக்திக்கே அந்தப் பெயர். அது பாராளுமன்றத்தில் தொடங்கிக் குப்பத்தில் முடிவதன்று. குப்பத்துத் துறையில் தொடங்கிப் பாராளுமன்றம் வரை ஏற வேண்டியது.

விழுப்புரம், திண்டிவனம் பிரதேசங்களின் தொண்டர்களுக்கு நாம் செய்துகொள்ளும் விண்ணப்பம் இதுவே. அடுத்த முறை கடற்கரைக்குச் செல்லும்போது, கொடியை வீட்டில் வைத்துவிட்டு ஒரு சாக்குப் பையைக் கொண்டு செல்லுங்கள். உடைந்த பாட்டில்களைப் பொறுக்குங்கள். வண்டியைச் சாலையிலே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். படகு வந்தால் விலகி நில்லுங்கள். கயிறு நீட்டினால் பிடித்து இழுங்கள். புகைப்படம் எடுக்க யாருமில்லாத அந்த வேளையில் செய்யும் தொண்டே தொண்டு. மழைக்காலம் வருஷந்தோறும் வரும்; தென்பெண்ணையும் ஒரு நாள் மறுபடியும் கரை புரளும். நம் தெருமுனைக்கு அன்று வரும் படகின் முன்னே, குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கிழவருக்கும் வழிவிட்டு, கடைசியாய் ஏறுகிறவனாய் நிற்கும் மனவுறுதியை இன்றிலிருந்தே பழகிக்கொள்வோமாக.